மூன்று கீறல் போட்ட புட்டி

ஹின்டர்வைலர், 3 அக்டோபர் 1869

அல்பானுக்கு,

இரண்டு வருடமாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று இருவரும் காத்துக்கொண்டிருந்தோம். நான் தோற்றதாகவே வைத்துக்கொள்.

ஊரில் மறுபடியும் குடற்காய்ச்சல். நான்கு பேர் படுக்கையில் கிடக்கிறார்கள். பீப்பாய் செய்யும் ஃபிடேலிஸின் மூத்த மகனைப் போன வாரம் அடக்கம் செய்தோம். இருபத்தொரு வயது. டாக்டர் காற்று கெட்டுவிட்டது என்கிறார். நம் பங்குச் சாமியார் ஜெபம் போதவில்லை என்கிறார். ஆனால் அதே சாமியார்தான், விவசாயப் பத்திரிகையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, வீடு தேடி வந்து வாசித்துக் காட்டினார். தண்ணீரில் ஏதோ மருந்தை விட்டு, வரும் நிறத்தை வேறு நிறங்களோடு ஒப்பிட்டு, அதில் எவ்வளவு அழுக்கு கலந்திருக்கிறது என்று சொல்கிறாயாமே. "உங்க தம்பி கண்ணாலயே எடை போடுறார்ம்மா" என்றார்.

அம்மாவின் அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நீ எழுந்து கத்தியது என் காதிலேயே இருக்கிறது. "உன் எருக்குவியல்தான்டா எங்கம்மாவக் கொன்னுது" என்று என் புருஷன் கஸ்பாரின் முகத்துக்கு நேரே சொன்னாய். திராட்சை அறுவடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், அதனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றாய். உனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் உன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதையும் நான் மறக்கவில்லை. அவரை அன்று தடுக்காதது என் தவறு. உன் வாயை அடைக்காததும் என் தவறுதான்.

இதோடு மூன்று புட்டிகள் வருகின்றன. மது வியாபாரி ரயிலில் கொண்டுவந்து தருவார். ஊரில் மூன்று இடத்துத் தண்ணீர். தக்கைகளில் ஒரு கீறல், இரண்டு கீறல், மூன்று கீறல் போட்டிருக்கிறேன். எது எந்த இடம் என்று சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சொன்னால் உன் கண் அதைத்தான் பார்க்கும்.

கஸ்பாருக்கு இது தெரியாது.

உன் அக்கா
அப்பொலோனியா

*

கார்ல்ஸ்ரூஹ, 9 அக்டோபர் 1869

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் புட்டிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இரண்டு நாள் மேகமூட்டம். இந்த வேலையை விளக்கு வெளிச்சத்தில் செய்யக்கூடாது, மஞ்சள் எல்லாம் பொய்யாகிவிடும். வடக்குப் பக்கத்து ஜன்னலில் நல்ல பகல் வெளிச்சம் விழும்வரை காத்திருந்தேன்.

நான் எப்படிச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். இல்லையென்றால் நம்பமாட்டீர்கள். ஒரே உயரம், ஒரே அகலம் உள்ள கண்ணாடிக் குழல்கள் என்னிடம் இருக்கின்றன. சுத்தமான நீரில் நவச்சாரத்தை (கழிவில் இருக்கும் அதே காரம் இந்த உப்பிலும் உண்டு) அளந்து கரைத்து, ஒன்றில் துளி, அடுத்ததில் இரண்டு மடங்கு, அதற்கடுத்ததில் நான்கு மடங்கு என்று வரிசையாக வைப்பேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்து விட்டால் இளமஞ்சளில் தொடங்கிப் பழுப்புவரை ஒரு படிக்கட்டு மாதிரி நிறம் வரும். பிறகு உங்கள் தண்ணீரைக் காய்ச்சி வடித்து, அதே மருந்தை விட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து பார்ப்பேன். எந்தப் படியோடு ஒத்துப்போகிறதோ, அவ்வளவு சாக்கடை அதில் கலந்திருக்கிறது. அந்த மஞ்சள் தானே ஆளைக் கொல்லாது. ஆனால் மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ இந்த வழியாக வந்தது என்று அது சாட்சி சொல்லும்.

ஒரு கீறல்: நிறமே இல்லை. எங்கள் நகரத்துக் குழாய் நீரைவிட நல்ல தண்ணீர்.

இரண்டு கீறல்: வைக்கோல் நிறம், மிக லேசாக. குடிக்கலாம், ஆனால் கவனம் தேவை.

மூன்று கீறல்: மருந்து விட்டதும் என் கண்முன்னே பழுப்பாகிவிட்டது. என் படிக்கட்டில் அதற்குப் படியே இல்லை. பத்து மடங்கு நீர் சேர்த்த பிறகுதான் ஒப்பிட முடிந்தது.

அந்தக் கிணற்றை இன்றே மூடுங்கள். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் எனக்கில்லை. ஊரிலேயே பெரிய எருக்குவியல் யார் வீட்டு வாசலில் இருக்கிறது, கிணறு அதிலிருந்து எத்தனை அடி தூரம் என்று எனக்கு நினைவிருக்கிறது.

தங்கள் தம்பி
அல்பான் வின்டர்ஹால்டர்

*

ஹின்டர்வைலர், 14 அக்டோபர் 1869

அல்பான்,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். கடிதத்தைப் படித்ததும் வரி வசூலிக்கிற அதிகாரி எழுதியதோ என்று கையெழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

கிணற்றைப் பூட்டிவிட்டேன். எருது கட்டும் சங்கிலியைப் பம்புக் கைப்பிடியில் நான்கு சுற்று சுற்றினேன். தொழுவத்திலிருந்து அதை எடுக்கும்போதே கஸ்பாரிடம் மாட்டிக்கொண்டேன்.

"அத எங்க தூக்கிட்டுப் போற?" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புட்டி, கீறல், உன் கடிதம், நிறம். கத்துவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சங்கிலி மட்டும் போதாது, பூட்டும் எடுத்துக்க" என்றார்.

எது எந்தப் புட்டி என்று இப்போதும் என்னைக் கேட்காதே. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். அதுவரை உன் வேலையைப் பார்.

அப்பொலோனியா

*

கார்ல்ஸ்ரூஹ, 17 அக்டோபர் 1869

அக்கா,

நீ என்றே எழுதுகிறேன்.

அத்தான் பூட்டை எடுத்துக் கொடுத்தாரா? அப்படியானால் அவருக்கே புரிந்துவிட்டது. அவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் நான் சுமந்த ஒன்று அந்த வரியைப் படித்ததும் கொஞ்சம் இறங்கியது. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஜன்னலோரம் போய் நின்று அழுதேன்.

ஆனால் ஒரு பூட்டு போதாது. இன்று பூட்டியதை நாளை திறக்கலாம். நான் மாவட்ட அதிகாரிக்கு ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். அளவு, நிறம், ஒப்பீடு எல்லாம் அதில் இருக்கிறது. கஸ்பாரின் கிணறு என்று பெயர் குறிப்பிட்டிருக்கிறேன். 1867 அக்டோபரில் அந்த வீட்டில் ஒரு மரணம் நடந்தது என்றும் சேர்த்திருக்கிறேன். அது அம்மா என்று எழுதவில்லை, படிப்பவர்களுக்குத் தெரியும். ஃபிடேலிஸின் மகன் அங்கே வேலை செய்தானா என்று மட்டும் எழுது, அதையும் சேர்க்கவேண்டும்.

25ஆம் தேதி திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன். அத்தானின் வாயால் ஒரே ஒரு வார்த்தை வந்தால், 'ஆமாம், என் கிணறுதான்' என்று வந்தால், அவருடைய பெயரை மென்மையாக எழுத நான் தயார்.

அல்பான்

*

ஹின்டர்வைலர், 20 அக்டோபர் 1869

அல்பான், அனுப்பாதே.

இதை மது வியாபாரியின் கையில் கொடுத்து, ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக உன்னிடம் போகச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து படி.

ஒரு கீறல் போட்ட புட்டிதான் எங்கள் கிணறு. நகரத்துத் தண்ணீரைவிட நல்லது என்று நீ எழுதினாயே, அது. எருக்குவியலுக்குக் கீழே முழுக்கக் களிமண்ணாம், ஒரு சொட்டு இறங்காதாம். இரண்டு கீறல் கோயில் வாசல் ஊற்று.

மூன்று கீறல் அம்மா வீட்டு முற்றம். நீ முதல் வருடச் சம்பளத்தில் அம்மாவுக்கு வெட்டிக் கொடுத்த கிணறு.

நான் முன்பே சந்தேகப்பட்டேனா என்று கேட்பாய். ஆமாம். அந்த அறுவடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் எங்கள் தண்ணீரைத் தொடவே இல்லை. தினமும் காலையில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு தன் முற்றத்துக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவாள். "உங்க வீட்டுத் தண்ணி எனக்குச் சேராதுடி. என் பையன் வெட்டிக் குடுத்த கிணறு இருக்கறப்ப நான் ஏன் மத்தவங்க கிணத்துல குடிக்கணும்?" என்பாள். காய்ச்சல் வந்த பிறகும் அதைத்தான் கேட்டாள். நான்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன், அல்பான். நான்தான் கரண்டியால் ஊற்றினேன்.

அந்த ஜாடி இரண்டு வருடமாக என் கண்முன்னே நின்றது. அம்மாவைக் கொன்றது அந்தத் தண்ணீரா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் கீறல் போட்டேன். உன் கோபமும் என் பயமும் இல்லாமல் ஒருமுறை தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

கஸ்பார் இதைச் சங்கிலி எடுத்த அன்றுதான் சொன்னார். நீ அந்தக் கிணற்றுக்கு இடம் குறித்துப் படம் வரைந்து அனுப்பினாய், அம்மா அதிகம் நடக்கவேண்டாம் என்று சமையலறைக்குப் பக்கத்தில். அந்த இடத்துக்கு நான்கடி தள்ளி, விறகுக் கொட்டகைக்குக் கீழே, தாத்தா காலத்துக் கழிப்பிடக் குழி மூடிக் கிடக்கிறது. உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கஸ்பாருக்கு அவருடைய அப்பா சொல்லித் தெரியும். அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அம்மா, "என் புள்ள படிச்சவன் மாப்பிள்ளை. அவன் குடுக்கற நல்லதப் பாத்துப் பொறாமப்படாதீங்க" என்றாளாம். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி அவன் உங்களத் திட்டினப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அம்மாவ மண்ணுல வச்சுட்டு அப்பத்தான் வந்திருந்தான். அவன்கிட்டப் போய் அதயா சொல்லுவாங்க? வெளிய தள்ளுறது சுலபமா இருந்துச்சு" என்றார்.

இன்னும் ஒன்று உண்டு. அம்மா வீட்டில் இப்போது ரோசினா என்று ஒரு விதவை வாடகைக்கு இருக்கிறாள். துணி துவைத்துப் பிழைக்கிறாள். அவளுடைய ஒன்பது வயது மகள் ஒட்டிலி படுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. ஃபிடேலிஸின் மகன் அவள் முற்றத்தில்தான் உட்கார்ந்து எங்கள் பீப்பாய்களைச் சரிசெய்தான்.

நான் பம்பைப் பூட்டியதைக் கஸ்பார் செய்ததாக நினைத்து ரோசினா தெருவில் நின்று கத்தினாள். "வாடகை குடுக்கறவளுக்குத் தண்ணிகூடக் கிடையாதா? உங்க சொத்தா குறஞ்சு போகுது?" கஸ்பார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். மறுநாளிலிருந்து எங்கள் கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அவள் வாசலில் வைத்துவிட்டு வருகிறார். ஏன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. உனக்கு முன்னால் அவளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அது சரியா என்று தெரியவில்லை.

அக்கா

*

கார்ல்ஸ்ரூஹ, 24 அக்டோபர் 1869

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன்.

மூன்று கீறல் புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுநாள் அதை மறுபடி சோதித்தேன். குழலைத் தவறாகக் கழுவியிருப்பேன், மருந்து பழையதாகியிருக்கும், நவச்சாரத்தை அளந்த தராசு பிசகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அந்தக் கிணறு கஸ்பாருடையது என்று நினைத்தபோது இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. முதல் தடவையே நம்பிவிட்டேன். என்னுடையது என்றதும் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அதே பழுப்பு.

அம்மா தண்ணீரைப் பற்றி எனக்கு எழுதவைத்த கடிதம் இருக்கிறது. சாமியார் கையெழுத்தில். 'தண்ணீர் கனமாக, ருசியாக இருக்கிறது மகனே' என்று இருக்கிறது. கனமாக. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

பழைய அறிக்கையை அடுப்பில் போட்டேன். புதிதாக எழுதியிருக்கிறேன். கிணறு யார் சொன்ன இடத்தில் வெட்டப்பட்டது என்பதில் என் பெயர் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுவந்து ஊர்த்தலைவரிடம் கொடுக்கிறேன். வியாழக்கிழமை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்து வருவேன்.

ரோசினாவிடம் நீ சொல்லாதே. நான் சொல்கிறேன். ஒட்டிலி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கத்தான் இத்தனை வரிகளும் எழுதினேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

அத்தானிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அல்பான்

*

கார்ல்ஸ்ரூஹ, 4 நவம்பர் 1869

அக்கா,

ரயில் புறப்படும்போது, ரோசினா என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அங்கே நின்று சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

நான் உள்ளே போனபோது அவள் ஒட்டிலியின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. என்னை அவள் டாக்டர் என்று நினைத்துவிட்டாள். நான் டாக்டர் இல்லை என்றேன். யார் என்று சொன்னேன். கிணறு, குழி, நான் வரைந்த படம், புட்டி, எங்கள் அம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

நான் நிறுத்தியதும் கேட்டாள்: "எல்லாம் சொல்லியாச்சா?"

"ஆச்சு."

"கஸ்பார் தினமும் தண்ணி வச்சது இதுக்காகத்தானா? அந்த மனுஷனயா நான் தெருவுல நின்னு அப்படித் திட்டினேன்?"

"ஆமாம்."

துணியை மறுபடி குழந்தையின் நெற்றியில் போட்டாள். பிறகு மூலையைக் காட்டினாள். "அந்த வாளிய எடு. அவர் கிணத்துக்குப் போய்த் தண்ணி கொண்டா. இவளுக்குத் துணி போடணும், எனக்குத் துவைக்கணும். நீ மன்னிப்புக் கேக்கறத அப்புறமா நான் யோசிக்கறேன். இப்ப எனக்கு நேரமில்ல."

அதனால்தான் நான்கு நாளும் நான் வாளியோடு திரிந்ததை நீ பார்த்தாய். வேறு எந்தத் தண்டனையையும் என்னால் அவ்வளவு நன்றாகத் தாங்கியிருக்க முடியாது.

முதல் தடவை உங்கள் கிணற்றுக்கு வந்தபோது கஸ்பார் அங்கே நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. வாளி முக்கால் நிறைந்ததும் நிறுத்தினார். "ரொம்ப நிரப்பாத. அந்தச் சரிவுல சிந்தும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்குமா? நீ கேட்டுப் பார். வேண்டாம், கேட்காதே.

ஃபிடேலிஸிடமும் போனேன். உனக்குத் தெரியாது. அவர் பலகை சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பன்னண்டு நாள் அந்த முத்தத்துல வேல செஞ்சான். சாயங்காலம் வந்து, அங்க தண்ணி சில்லுன்னு இருக்குப்பான்னு சொல்லுவான்" என்றார். பிறகு, "நீ வந்து சொன்னது சரி. இப்பப் போ" என்றார். போய்விட்டேன். அவரிடம் வேறு எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஊர்த்தலைவரிடம் கொடுத்த அறிக்கையை அவர் சபையில் வாசிப்பாரோ மாட்டாரோ. வாசிக்கவில்லையென்றால் எழுது.

ஒட்டிலியைப் பற்றி எதுவானாலும் உடனே எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

அல்பான்

*

ஹின்டர்வைலர், 21 நவம்பர் 1869

அல்பான்,

உன் கடிதம் வந்ததும் பதில் எழுதாமல் வேண்டுமென்றே காத்திருந்தேன். அரைகுறைச் செய்தியை எழுதி உன்னை அங்கே தவிக்கவைக்க மனம் வரவில்லை. இப்போது சொல்ல இருக்கிறது.

ஊர்த்தலைவர் அறிக்கையை வாசித்தார். போன ஞாயிறு பூசை முடிந்து, சத்திரத்தின் பெரிய கூடத்தில். உன் பெயர் வந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார், முதல் தடவை யாருக்கும் புரியவில்லை என்று நினைத்தார் போல. எல்லாருக்கும் புரிந்தது. பின்வரிசையில் ஒருவன், "அம்மாவுக்கு ஆச ஆசயா விஷத்த வெட்டிக் குடுத்துருக்கான்" என்று சிரித்தான். யார் என்று எழுதமாட்டேன். கஸ்பார் எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பம்பின் சத்தத்தில் நீ பேசியது அவருக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. நீயே முடிவு செய்துகொள்.

இன்னும் ஏழு கிணற்றுத் தண்ணீரை உன்னிடம் அனுப்புவதாகச் சபை முடிவு செய்திருக்கிறது. மூன்று வீட்டுக்காரர்கள் முடியாது என்கிறார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கும்போது பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அம்மா வீட்டுக் கிணற்றை மூடினோம். கஸ்பார் பம்பைக் கழற்றினார். கல் போதவில்லை, வயலிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஃபிடேலிஸ் வண்டியோடு வந்தார். வண்டி நிறையக் கல். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டார். ஒவ்வொரு கல்லும் விழுந்து தண்ணீரில் மோதும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததை எடுத்தார். கடைசியில் சத்தம் கேட்காமல் போனது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் ரொட்டி கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் வந்தார்.

நான் அன்று வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கரண்டியால் ஊற்றிய கை என்னுடையது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீ திரும்பிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாயே, அது எதற்கென்று எனக்குப் புரிந்தது.

இப்போது நீ முதலில் தேடும் செய்தி. வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன், இல்லையென்றால் மற்றதைப் படித்திருக்கமாட்டாய்.

ஒட்டிலி பிழைத்துவிட்டாள். ஒன்பது நாளாகக் காய்ச்சல் இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, கால் குச்சி மாதிரி இருக்கிறது, ஆனால் பசி என்கிறாள். வெங்காய அடை வேண்டும் என்று அழுதாள். டாக்டர் கஞ்சிதான் என்கிறார். ரோசினா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உன் மன்னிப்பைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் யோசிக்கல. வரச் சொல்லுங்க, வேல நிறைய இருக்கு" என்றாள்.

நேற்று நான் போனபோது குழந்தையைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். கஸ்பாரும் வந்திருந்தார். ஒட்டிலி என்னைப் பார்த்து, "படியெல்லாம் தண்ணி சிந்திக்கிட்டே வருவாரே, அவரு யாரு?" என்று கேட்டாள். அந்த நாட்களில் அவளுக்கு நினைவே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"என் தம்பி. பெரிய நகரத்துல ரசாயனம் பாக்கறவர்" என்றேன்.

ஒட்டிலி போர்வையை இழுத்துக்கொண்டாள். "அவருக்கு வாளி தூக்கவே தெரியல" என்றாள்.

கஸ்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். "வரட்டும்" என்றார். "சொல்லித் தரேன்."

உன் அக்கா